மறுக்கிற வாயும் கொடுக்கிற கையும்

நம்மை நம்பி நம் வாசலில் வளர்கிற ஒரு சிறு பிராணி, நேற்று வரை ஓடி வந்து உண்ட ஆகாரத்தை இன்று முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது நமக்குள் எழுகிற கலக்கம் எப்படிப்பட்டது என்று சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பயம் என்று சொல்லிவிட்டால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வாயில்லா ஜீவன் சாப்பிடாமல் கிடந்தால் பயம் வருவது சகஜந்தான். ஆனால் வைத்தியர் பார்த்து, ஜுரம் இல்லை, குடலில் கோளாறு இல்லை, உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் அந்தக் கலக்கம் முழுவதும் நீங்குவதில்லை. பயம் போன இடத்தில் வேறு ஏதோ ஒன்று, ஒப்புக்கொள்ளக் கூச்சமான ஒன்று, மிச்சமாக நிற்கிறது. எங்கள் வீட்டில் வளரும் கன்னி இனத்துப் பெண் குட்டி, ஐந்தாம் மாதம் நடக்கும் கறுத்த மெலிந்த உருவம், தன் வழக்கமான கம்பங்கூழை வேண்டாம் என்று ஒதுக்கத் தொடங்கியதிலிருந்து அந்த மிச்சத்தை அடையாளம் காண முயன்றுவருகிறேன். அதற்கு என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று யோசிக்கும் ஒவ்வொரு வேளையிலும் அந்த யோசனைக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது: கொடுத்ததை ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்று எதிர்பார்க்கக் கொடுக்கிறவனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் இந்த நாய்கள் தலைமுறை தலைமுறையாகக் கூழ் குடித்தே வளர்ந்தவை. முயல் விரட்டப் போன நாயானாலும் ஆட்டுக் கிடைக்குக் காவல் கிடந்த நாயானாலும், வீட்டார் குடித்து மிஞ்சிய கம்பங்கூழும் சோளக்கஞ்சியுந்தான் அதற்குத் தினப்படி ஆகாரம். மாமிசம் என்பது வேட்டை வாய்த்த நாளின் பாக்கியம். எங்கள் குட்டியும் தாய்ப்பாலை மறந்த நாளிலிருந்து, மோர் விட்டுக் கரைத்த கூழை ஈய வட்டிலின் அடி தெரிய நக்கித் தீர்த்துவிட்டு, காலியான வட்டிலையே மூக்கால் முற்றம் முழுதும் தள்ளிக்கொண்டு போகும். சிமெண்டுத் தரையில் அந்த வட்டில் உராயும் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் பலருக்கும் விடியும். இப்போது அந்தச் சத்தம் இல்லை. கூழை ஊற்றி வைத்தால் குட்டி வருகிறது, நிதானமாக, அழைத்த மரியாதைக்கு வருகிறது, தலையைத் தாழ்த்துகிறது, கூழின்மேல் படிந்த மெல்லிய ஆடையில் ஈர மூக்கின் நுனி பட்டு ஒரு சிறு குழி விழுகிறது. பிறகு தலையை எடுத்து, நாக்கால் மூக்கை ஒரு முறை துடைத்துக்கொண்டு, வட்டிலை விட்டு என்னிடம் வந்து என் புறங்காலின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்கிறது. வால் ஆடிக்கொண்டே இருக்கிறது. இதில் கோபம் இல்லை, பிணக்கு இல்லை. ஆகாரத்தை மறுத்த அதே க்ஷணத்தில் ஆகாரம் கொடுத்தவனிடம் பிரியத்தோடு வந்து சேர்கிற இந்தச் செய்கைதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. கொடுத்த பொருளையும் கொடுத்த ஆளையும் அந்தக் குட்டி தனித்தனியாக வைத்திருக்கிறது. எனக்கு அது கைவரவில்லை. கூழ் ஒதுக்கப்பட்டதும் நானே ஒதுக்கப்பட்டதாக என் மனம் எடுத்துக்கொண்டது.

அப்படி எடுத்துக்கொள்ளும் மனத்தை நமக்குள் உண்டாக்கி வைத்திருப்பது நம்முடைய ஆசாரங்கள்தான் என்று தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் பகை முற்றிய உறவுக்காரர்கள் கல்யாணத்துக்கு வருவார்கள், மொய் எழுதுவார்கள், பெண் மாப்பிள்ளையை ஆசீர்வதிப்பார்கள். பந்தியில் மட்டும் உட்காரமாட்டார்கள். அந்த வீட்டில் கை நனைக்காமல் திரும்பிப் போவதைக் காட்டிலும் பெரிய அவமதிப்பு வேறு இல்லை. வந்தவர் ஒரு வாய்த் தண்ணீராவது குடித்தால்தான் வீட்டுக்காரிக்கு நெஞ்சு ஆறும். சாப்பாட்டை ஏற்பது சம்பந்தத்தை ஏற்பது. அதைத் தள்ளுவது சம்பந்தத்தையே அறுத்துக்கொள்வது. இதைவிடப் பெரிய மறுப்புகளையும் நம் ஞாபகம் சுமந்துகொண்டிருக்கிறது. பெற்ற மக்களோடு மூண்ட பகையின் முடிவில் வடக்கிருந்து உயிர் நீத்த கோப்பெருஞ்சோழனும், சென்ற நூற்றாண்டில் உபவாசத்தைத் தர்ம ஆயுதமாகக் கையில் எடுத்த காந்தியடிகளும், உண்ணாதிருப்பதை யாரும் காது கொடுத்தே ஆகவேண்டிய பேச்சாக ஆக்கினார்கள். இத்தகைய ஸம்ஸ்காரத்தில் வளர்ந்த ஒருவன், காலியாகாத வட்டிலைக் கண்டதும் அதில் தன்மேல் ஒரு குற்றச்சாட்டைப் படித்துக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் குட்டிக்கு விரதமும் இல்லை, வைராக்கியமும் இல்லை. எனக்கு எதையும் உணர்த்தவேண்டும் என்ற உத்தேசமும் இல்லை. அதன் மறுப்பின்மேல் நாம் ஏற்றுகிற அர்த்தங்களில் பெரும்பாலானவை நம் வீட்டுக் கல்யாணப் பந்திகளிலிருந்தும் நம் சரித்திரத்திலிருந்தும் வந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தால்தான் எதிரே நிற்கிற உடம்பு நம் கண்ணுக்குத் தெரியும்.

உடம்பைப் பார் என்பதைத்தான் கால்நடை மருந்தகத்து வைத்தியரும் தம் முறையில் சொன்னார். கூழின் பக்குவத்தைப் பற்றியும் குட்டி அதை முகர்ந்துவிட்டு விலகும் விதத்தைப் பற்றியும் நான் சொல்லத் தொடங்கியபோது, “அதெல்லாம் இருக்கட்டும் சார், தண்ணி குடிக்குதா? ஓடி விளையாடுதா? அதை முதல்ல சொல்லுங்க” என்று கேட்டார். சாப்பிடாமை என்பது ஒரு வியாதியின் பெயரல்ல. எத்தனையோ காரணங்கள் வந்து கூடுகிற ஒரே வாசல் அது. ஆகையால் அவர் அந்த வாசலில் நிற்காமல் உள்ளே போனார். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெளுத்துப்போன இடம், விரலை எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவந்தது. ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார், உடனே படிந்தது, உடம்பில் நீர் வற்றவில்லை. காது மடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் விரித்து உண்ணி தேடினார். உண்ணிக் கடியால் ரத்தத்தில் கிருமி சேர்ந்து, ஜுரத்தில் உருகி, ஆகாரத்தை வெறுத்துக் கிடக்கும் நாய்கள் நம் பக்கத்தில் மிகுதி. ஜுரமானி 102 டிகிரியைக் காட்டியது. மனிதனுக்குக் காய்ச்சலாகிற அந்தச் சூடு நாய்க்கு இயல்பானது. கடைசியில் வாயைத் திறந்து காட்டினார். மேல் வரிசையில் பால்பல்லான கோரைப்பல்லை ஒட்டிப் புதுப்பல்லின் முனை அரிசி நொய்யளவு வெளுப்பாக வெளிவந்திருந்தது. சுற்றியிருந்த ஈறு கன்றிச் சிவந்திருந்தது. கீழே பின்புறத்தில் ஒரு பல் விழுந்த பள்ளத்தில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது. நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்றாம் மாதத்துக்குமேல் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஏழாம் மாத வாக்கில் 42 பற்கள் கொண்ட முழு வரிசை அமைந்துவிடுகிறது. உதிர்கிற பற்களில் பலவற்றைக் குட்டியே விழுங்கிவிடுவதால், வாய்க்குள் நடக்கும் இந்தப் பெரிய மாறுதல் பக்கத்திலேயே இருக்கும் நமக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது.

பல்தான் காரணம் என்றால் மனம் அத்துடன் சமாதானம் அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. கூழ் கடித்துத் தின்னும் பண்டமல்லவே, அதைக் குடிக்க ஈறு ஏன் தடையாக வேண்டும்? மோரின் புளிப்பு ரணத்தில் பட்டு எரிந்திருக்கலாம். சித்திரை வெயிலில் மனிதர்களுக்கே சோறு இறங்காதபோது அதற்கும் பசி மந்தித்திருக்கலாம். பிறந்தது முதல் அசுர வேகத்தில் வளர்ந்த உடம்பு இந்த வயதில் நிதானத்துக்கு வரத் தொடங்குவதால், முன்பு குடித்த அளவு இப்போது தேவைப்படாமலே போயிருக்கலாம். இப்படிக் காரணங்களை அடுக்கிக்கொண்டே போகும்போது, சாதுவல்லாத காரணங்களும் வந்து நிற்கின்றன. 1978ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டு இரண்டொரு ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிய பார்வோ நோய், ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டிகளையே பெரிதும் தாக்குகிறது. அதுவும் இப்படித்தான், சோர்வும் ஆகார வெறுப்புமாகத் தொடங்கி, வாந்தியாகவும் ரத்தக் கழிச்சலாகவும் முற்றி, தடுப்பூசி போடாத குட்டியைச் சில நாட்களில் கொண்டுபோய்விடுகிறது. வெறிநோயிலும் ஆகாரத்தை மறுப்பது ஆரம்பக் குறிகளில் ஒன்று. வெறி என்றதும் கண்டவரைக் கடித்துக் குதறும் நாயையே நாம் நினைக்கிறோம். தாடையும் தொண்டையும் செயலற்று, வாய் தொங்கி, எச்சில் ஒழுக, சாந்தமாக ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் வடிவமும் அதற்கு உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி, இரக்கத்தோடு அந்த வாய்க்குள் விரலை விடுகிறவன் தன் உயிரையே பணயம் வைக்கிறான். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் ஏற்பட்டு ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆகியும், மூன்று மாதம் நிரம்பியதும் போடவேண்டிய ஓர் ஊசியை அலட்சியம் செய்கிற வீடுகள் இருக்கவே செய்கின்றன. அந்த ஊசி போட்டிருந்ததனால்தான் எங்கள் குட்டியின் வாயை அன்று தயக்கமின்றித் திறந்து பார்க்க முடிந்தது. பொறுமையைப் பற்றி நான் இனிச் சொல்லப்போவதெல்லாம் இந்த எல்லைக்கு உட்பட்டதே. வளர்ந்த நாய் ஒரு நாள் பட்டினியைத் தாங்கும். குட்டியின் உடம்பில் அவ்வளவு சேமிப்பு இல்லை. ஒரு முழு நாள் ஒன்றும் தின்னாவிட்டாலும், தண்ணீரையும் மறுத்தாலும், வாந்தியோ கழிச்சலோ கூடச் சேர்ந்தாலும், எல்லா யோசனைகளையும் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போவதே தர்மம்.

ஊரில் இதற்கு இரண்டு யோசனைகள் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் வேட்டை நாய்களை வளர்த்த ஒரு பெரியவர், “வட்டிலைக் கவுத்து வச்சிருங்க தம்பி, காஞ்சா தானா வந்து குடிக்கும்” என்றார். என் பெரியம்மா, “பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்குய்யா, சுத்திப் போடுதேன்” என்று கல்லுப்பையும் காய்ந்த மிளகாயையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் யோசனையில் அநுபவத்தின் உறுதி இருந்தது. ஓநாயின் வம்சத்தில் வந்த பிராணிக்கு ஒரு நாள் வயிறு புடைக்கத் தின்பதும் சில நாள் வெறும் வயிற்றோடு அலைவதும் புதிதல்ல. கூழை ஒதுக்கியதும் முட்டை, முட்டையை ஒதுக்கியதும் ஈரல், ஈரல் அலுத்ததும் பால் பிஸ்கோத்து என்று வேளைக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போகிற வீட்டில், மறுத்தால் மேலானது வரும் என்ற பாடத்தைக் குட்டி வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. அந்த அவசரத்தில் வெங்காயம் சேர்ந்த குழம்பையும் சாக்லேட்டையும் உலர்ந்த திராட்சையையும் கொடுத்து, நாய்க்கு நஞ்சாகிறவற்றையே உபசாரமாக ஊட்டிவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே பெரியவர் சொன்னதைத் தள்ள முடியவில்லை. ஆயினும் அதை அப்படியே ஏற்கவும் மனம் இடம் தரவில்லை. காய்ந்த பிறகு வந்து குடிப்பது சம்மதமா, சரணாகதியா? பசியை ஏவிவிட்டு ஒரு ஜீவனை வழிக்குக் கொண்டுவருவது பலிக்கும் என்பதில் சந்தேகமில்லை. பலிக்கிற காரியமெல்லாம் நியாயமான காரியமாகிவிடுமா என்பதுதான் என் சந்தேகம். ஈறு நோகிற குட்டியை, அது பிடிவாதம் செய்கிறது என்று தீர்ப்புச் சொல்லிப் பட்டினி போடுகிறவன், அதன் வாயைத் திறந்து பார்க்கும் கடமையிலிருந்து தன்னைத் தானே விடுவித்துக்கொள்கிறான்.

பெரியம்மாவின் கண்ணேறு என் புத்திக்கு ஒவ்வாதது. ஆனாலும் அவள் வேறெங்கோ தேடாமல் கண்களில் போய்க் காரணத்தைத் தேடினாள் என்பது என்னை விடாமல் தொடர்ந்தது. ஏனென்றால் அந்த நாட்களில் வட்டிலைச் சுற்றி நிஜமாகவே கண்கள் குவிந்திருந்தன. கூழை வைத்ததும் வீடே வந்து சூழ்ந்து நிற்கும். ஒருவர் குனிந்து கெஞ்சுவார், ஒருவர் விரலில் தொட்டு வாயருகே நீட்டுவார், ஒருவர் பெருமூச்சு விடுவார். இத்தனை எதிர்பார்ப்புக்கு நடுவே தலையைத் தாழ்த்தி உண்பது எந்தப் பிராணிக்கும் சுலபமல்ல. இதே குட்டி, தெருக்கோடி வேப்பமரத்தடியில் ஆடு மேய்க்கிறவர் தம் தூக்குச் சட்டியிலிருந்து கல்லில் ஊற்றிவிட்டு, அதைத் திரும்பியும் பாராமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தபோது, இதே கம்பங்கூழைச் சொட்டு விடாமல் நக்கியதை நான் கண்டேன். அங்கே கூழ் இருந்தது; கூழோடு சேர்த்துக் கேட்கப்படும் நன்றி இல்லை. பசி என்பது வயிற்றின் காரியம் மட்டுமல்ல என்பதை ருஷ்ய சரீர சாஸ்திரி பாவ்லோவ் தம் பரிசோதனைகளில் காட்டினார்; உண்ட ஆகாரம் வயிற்றைச் சேராமல் தொண்டை வழியிலேயே வெளியே விழும்படி செய்தபோதும், உண்கிற ஆசையினாலேயே நாயின் இரைப்பையில் ஜீரண ரசம் ஊறியது. ஜீரணத்தைப் பற்றிய இந்த ஆராய்ச்சிகளுக்காகத்தான் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆசை முந்திக்கொண்டு வரவேற்காத ஆகாரத்தை உடம்பும் அரைமனத்தோடுதான் எதிர்கொள்கிறது என்றால், வாயைப் பிளந்து ஊட்டப்படும் கூழைப் பற்றி என்ன சொல்வது?

ஊட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1955இல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க விஞ்ஞானி, எலிகளுக்குச் சாக்கரின் கலந்த தித்திப்பு நீரைக் கொடுத்து, அதே வேளையில் அவை நோய்ப்படும்படி கதிரியக்கத்துக்கு உள்ளாக்கினார். பிறகு அந்த எலிகள் தித்திப்பு நீரைத் தொடாமல் ஒதுங்கின. நீரில் ஒரு தோஷமும் இல்லை. ஆனால் உடம்பு அந்த ருசியையும் அந்த வேதனையையும் ஒன்றாக முடிந்து வைத்துக்கொண்டது. நம் வீடுகளில் பூச்சி மருந்தின் கசப்பைத் தினப்படி ஆகாரத்திலேயே கரைத்துக் கொடுப்பது வழக்கம். அப்போது குமட்டுகிற குட்டி மருந்தை வெறுப்பதில்லை. மருந்தை ஒளித்து வைத்திருந்த ஆகாரத்தை வெறுக்கிறது. அதற்குமேல் பலவந்தமும் சேர்ந்துவிட்டால், ஆகாரத்தோடு அதைக் கொண்டு வரும் கையையும் அந்த வெறுப்பு பற்றிக்கொள்ளக்கூடும். கொடுத்த பொருளையும் கொடுத்த ஆளையும் தனித்தனியாக வைத்திருக்கிற குட்டியின் அந்த அபூர்வமான தெளிவைக் கலைத்துவிடுவதற்கு நம்மிடம் இருக்கிற நிச்சயமான சாதனம் நிர்ப்பந்தந்தான்.

இங்கே வந்து நிற்கும்போதுதான் பயம் போன பிறகும் மிஞ்சி நின்ற அந்தக் கலக்கத்தின் முகம் எனக்குக் கொஞ்சம் தெரிகிறது. நாயும் மனிதனும் செய்துகொண்ட உடன்படிக்கை மிகப் பழமையானது. ஓநாயின் உடம்பில் மாவுப் பண்டத்தை ஜீரணிக்கும் மரபணுவின் பிரதிகள் இரண்டே இருக்க, நாயின் உடம்பில் அவை பல மடங்காகப் பெருகியிருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. நம் அடுப்படியில் மிஞ்சிய தானியத்தை உண்டு உண்டு அதன் பரம்பரையே உள்ளுக்குள் மாறிப்போயிருக்கிறது. அந்த உடன்படிக்கையில் அது பெற்றது நிச்சயமான ஆகாரம். இழந்தது ஏறக்குறைய மற்ற எல்லாத் தெரிவுகளும். எப்போது உண்பது, எதை உண்பது, எங்கே உறங்குவது, எந்த வாசலைத் தாண்டுவது, எந்தத் துணையோடு சேர்வது என்பதையெல்லாம் நாம் தீர்மானிக்கிறோம். மிஞ்சியிருப்பது முன்னால் வைத்ததை வேண்டாம் என்று விலக்குகிற ஒரு சிறு சுதந்திரம். அந்தச் சிறு சுதந்திரமும் நமக்குப் பொறுக்கவில்லை என்றால், நாம் இத்தனை காலமாக அன்பு என்று சொல்லிவந்ததில் அதிகாரத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது. இதை எழுதும்போதே எனக்கு ஒரு தயக்கமும் உண்டாகிறது: பசியில்லாத ஓர் உடம்பின் சாதாரணமான விலகலைச் சுதந்திரம் என்று நான் சொல்வது, அதைக் குற்றச்சாட்டாகப் படித்தது போலவே, என் எண்ணத்தை அதன்மேல் ஏற்றுவதாகாதா? ஆகலாம். ஆனால் இந்த ஏற்றத்தினால் குட்டிக்குத் தீங்கு இல்லை. அது என்னை வட்டிலிலிருந்து சற்று விலகி நிற்கச் செய்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் கூழை மோர் விடாமல், வெதுவெதுப்பாக, சற்று நீர்க்கக் கரைத்து வைக்கிறோம். சூட்டில் வாசனை எழுவதால் நாய்க்கு அது பிடிக்கும் என்று வைத்தியர் சொன்னார். வைத்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். சற்று நேரம் பொறுத்து, மிச்சம் இருந்தால் கோபமின்றி எடுத்துவிடுகிறோம். அடுத்த வேளைக்குப் புதிதாகக் கரைக்கிறோம். ஈறு ஆறுகிற வரையில் அவித்த முட்டையில் கொஞ்சம் பிசைந்து சேர்க்கிறோம். குட்டி சில வேளை பாதி குடிக்கிறது. சில வேளை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. எடை குறையவில்லை என்று தராசு சொல்கிறது. நான் பார்க்கவேண்டியது அதன் ஈறை, அதன் நடையை, அது தண்ணீர் குடிப்பதை, அதன் மலத்தை. காலியாகாத வட்டிலில் என் முகத்தை அல்ல. இந்தப் பார்வை ஒரு நாளில் படிந்துவிடக் கூடியதல்ல. ஒவ்வொரு வேளையும் மனம் பழைய வழியில் மானக்குறைவாக எடுத்துக்கொள்ளத் துடிக்கிறது, ஒவ்வொரு வேளையும் அதைத் திருப்ப வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு ஊட்டுகிறவர்களுக்கும் நோயாளிக்குக் கஞ்சி வைக்கிறவர்களுக்கும் வயதான தாய் தந்தையரின் முன் தட்டை நீட்டுகிறவர்களுக்கும் இந்தச் சிரமம் தெரியாததல்ல. பிறர் பசியாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் அவர்களுடைய பசியின்மையையும் கவனித்துக் கேட்கக் கடமைப்பட்டவன். அந்த இரண்டாவது கடமையைச் செய்ய முடியாத அளவுக்கு முதல் கடமையில் அவன் பெருமை கொண்டுவிடக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.